புதுப்பிப்பு: அப்பச்சியின் துப்பாக்கி திரும்பக் கிடைத்துவிட்டது

போன ஐப்பசியில் கேட்டிருந்தேன்: காரைக்குடி பக்கம் எங்கள் ஊர் வீட்டில் ராத்திரி பின்கட்டுக் கதவை உடைத்து வந்தவர்களை அப்பச்சி சுட்டதில் ஒருவனுக்குக் காலில் காயம், உரிமம் உள்ள இரட்டைக்குழல் துப்பாக்கியைப் போலீஸ் சாட்சியப் பொருளாக எடுத்துப் போய்விட்டது, எப்படி வாங்குவது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது வக்கீல் அண்ணன் ஒருவர் சொன்ன வழிதான். நான் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தது வீண், ஏனென்றால் பொருள் படிவம் 95-இல் (கைப்பற்றியதைப் போலீஸ் கோர்ட்டுக்கு அனுப்பும் படிவம்) நீதிமன்றத்துக்குப் போயாகிவிட்டது, அதன்பின் அவர்களால் தர முடியாது. நீதிமன்றத்தில் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 497-ஆம் பிரிவில் மனுப் போட்டு, பொருளைத் தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற உச்ச நீதிமன்றத்தின் 2002 சுந்தர்பாய் தேசாய் தீர்ப்பையும் காட்டினோம். தடய அறிவியல் அறிக்கை வரும்வரை மனு நகரவே இல்லை. வந்தபின், போட்டோ எடுத்துக்கொண்டு, பிணைப்பத்திரம் வாங்கி, விற்கக் கூடாது, மாற்றக் கூடாது, கேட்கும்போது கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனைகளோடு கொடுத்தார்கள். சுட்ட தோட்டாவின் காலிக்கூடு அங்கேயே இருக்கிறது.

எதிர்பாராதது ஒன்று: துப்பாக்கி கோர்ட்டில் இருக்கும்போதே உரிமம் முடியும் தேதி வந்துவிட்டது! கைப்பற்றிய மகஜர் (போலீஸ் பொருளை எடுத்ததற்கான பதிவு) நகலை இணைத்துக் கலெக்டர் அலுவலகத்தில் புதுப்பிக்க மனுக் கொடுத்தோம். அது இல்லாமல் போயிருந்தால் உத்தரவு இருந்தும் துப்பாக்கியைக் கையில் வாங்கியிருக்க முடியாது.

அப்பச்சி மீது வழக்கு இல்லை. இருட்டியபின் வீடு உடைத்து நுழைந்தால் தற்காப்பு உரிமை எதுவரை என்பதை பி.என்.எஸ். (புதிய குற்றவியல் தண்டனைச் சட்டம்) 41-ஆம் பிரிவு சொல்கிறது, வேண்டியவர்கள் படித்துக்கொள்ளுங்கள். திருடர்கள் மேல் வழக்கு நடக்கிறது. ஆத்தாதான் அந்தத் துப்பாக்கி இனி வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது என்கிறார்.