பிஎஃப் பாஸ்புக்கில் சம்பளம் தெரியுமாம்!

கணக்குப்புலி:
வேலை தேடுகிறவர்களுக்கு அறிவுரை என்று ஒரு பதிவு நேற்றிலிருந்து எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றுகிறது. "பழைய சம்பளத்தைக் கேட்டால் மறைக்காதீர்கள். யூஏஎன் நம்பரை (பிஎஃப் உறுப்பினருக்கான அடையாள எண்) வைத்து பிஎஃப் பாஸ்புக்கிலேயே உங்கள் முழுச் சம்பளத்தையும் ஹெச்ஆர் பார்த்துவிடுவார்" என்கிறார் அந்த மகானுபாவர். பேரோல், அதாவது சம்பளம் போடும் வேலையிலேயே தலை நரைத்தவன் நான். எத்தனையோ கம்பெனிகளில் சட்டம் வைத்த 15,000 ரூபாய் உச்சவரம்புக்குத்தான் 12 சதவீதம் பிஎஃப் பிடிக்கிறார்கள். உங்களிடம் பிடிப்பது 1,800. கம்பெனி பங்கில் 550 பிஎஃப்புக்கு, 1,250 பென்ஷனுக்கு. நாற்பதாயிரம் வாங்குகிறவனுக்கும் இதே எண்தான், மூன்று லட்சம் வாங்குகிறவனுக்கும் இதே எண்தான். இதில் எந்தச் சம்பளத்தைப் பார்ப்பாராம்?

வேளச்சேரி வெண்பொங்கல்:
எங்கள் கம்பெனியில் முழு பேசிக்குக்கும் (அடிப்படைச் சம்பளம்) பிடிக்கிறார்கள் சார். என் பாஸ்புக்கில் என் பங்காக மாதம் 4,800 ஏறுகிறது. 12 சதவீதம் என்றால் பேசிக் 40,000. ஆறாங்கிளாஸ் பையன்கூடக் கண்டுபிடிப்பான். தெரியாது, தெரியாது என்று எப்படி அடித்துச் சொல்கிறீர்கள்?

கணக்குப்புலி:
ஹெச்ஆர்ஏ என்கிற வீட்டு வாடகைப்படி எங்கே? ஸ்பெஷல் அலவன்ஸ் எங்கே? வேலையைப் பார்த்துத் தரும் வேரியபிள் எங்கே? உங்கள் ஆறாங்கிளாஸ் பையனைக் கேட்டுச் சொல்லுங்கள்.

ஆள்பிடிக்கும் அக்கா:
நான் ஹெச்ஆரில்தான் இருக்கிறேன். பாஸ்புக்கை வைத்து நாங்கள் என்ன செய்வது? கடைசி மூன்று மாத பேஸ்லிப் (சம்பளச் சீட்டு) கேட்போம், கம்பெனி தரும் வரிப் பிடித்தச் சான்றான ஃபார்ம் 16 கேட்போம். தராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போன் போடுவோம், அவ்வளவுதான். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் யூஏஎன் கேட்பது, எந்தக் கம்பெனியில் எந்தத் தேதியில் சேர்ந்தார், எப்போது விலகினார், ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் பிஎஃப் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு.

கணக்குப்புலி:
போதும். பாஸ்புக்கில் சம்பளம் தெரியாது என்று ஹெச்ஆரே வந்து ஒப்புக்கொண்டுவிட்டார்.

ஆள்பிடிக்கும் அக்கா:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. எங்களுக்குத் தேவையில்லை என்றேன். எழுதியதைப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

சான்ஹோசே ரிட்டர்ன்:
நண்பர்களே, கேட்பதே தப்பு என்று ஒருவருக்கும் தோன்றவில்லையா? கலிபோர்னியாவில் 2018 ஜனவரி 1 முதல் பழைய சம்பளத்தை வேலை தருபவர் கேட்கவே கூடாது, சட்டம். நியூயார்க் நகரத்தில் 2017 அக்டோபரிலேயே வந்துவிட்டது. ஒரு இடத்தில் பெண்களுக்குக் குறைத்துக் கொடுத்த சம்பளம் அவர்களை அடுத்த கம்பெனி வரை துரத்தக்கூடாது என்பதுதான் காரணம். இன்னொன்று, அந்த வேலைக்கு எவ்வளவு சம்பளம் என்று நாம் கேட்டால் கலிபோர்னியாவில் அவர்கள் சொல்லியாக வேண்டும்.

கணக்குப்புலி:
நீங்கள் இப்போது இருப்பது சென்னைக் காரப்பாக்கத்தில். இங்கே அப்படிச் சட்டம் ஏதும் இல்லை. அதுவும் போக, கலிபோர்னியாவில் பிஎஃப் பாஸ்புக் உண்டா?

மறுபடியும் வேலைக்கு:
குழந்தைக்காக வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வந்தவள் நான். முதல் இண்டர்வியூவில் பழைய சம்பளத்தை ஒளிக்காமல் சொன்னேன். அதற்கு மேல் 30 சதவீதம் போட்டுத் தந்தார்கள். அதே வேலைக்கு என்னோடு சேர்ந்த பையனுக்கு என்னைவிட நிறைய. அதற்கப்புறம் யார் கேட்டாலும் "இந்த ரோலுக்கு உங்கள் பட்ஜெட் என்ன?" என்று நான் முந்திக்கொள்வேன். விடாமல் கேட்டால், "நான் எதிர்பார்ப்பது இவ்வளவு, பழையதை ஆஃபர் கட்டத்தில் பேசலாம்" என்பேன். சிலர் அதோடு போனை வைத்துவிடுவார்கள், வைக்கட்டும்.

கணக்குப்புலி:
வருத்தமான விஷயம்தான் அம்மா. ஆனால் நீங்களாகச் சொன்னதால்தான் அவர்களுக்குத் தெரிந்தது. பாஸ்புக்கைப் பார்த்து இல்லை. என் கட்சிக்கு இன்னொரு சாட்சி.

மறுபடியும் வேலைக்கு:
முதலில் அம்மா என்று கூப்பிடுவதை நிறுத்துங்கள். உங்கள் கட்சிக்குச் சாட்சி சொல்ல நான் இங்கே வரவில்லை.

மதுரைக்காரன் 77:
எனக்கு நாளை இண்டர்வியூ. கேட்டால் சொல்லலாமா, வேண்டாமா? யாராவது ஒரு வரியில் சொல்லுங்களேன். ஃபிரெண்ட் ஒருத்தன் பேஸ்லிப்பை லேசாக எடிட் பண்ணிக் கொடு என்கிறான்.

ஆள்பிடிக்கும் அக்கா:
தம்பி, அந்த ஃபிரெண்டை முதலில் விடுங்கள். பேஸ்லிப்பும் ஃபார்ம் 16ம் பேங்க் ஸ்டேட்மெண்ட்டும் ஒத்துப்போகாமல் ஆஃபரைத் திரும்ப வாங்கியிருக்கிறோம். சேர்ந்த பிறகு மாட்டினால் வேலையே போகும்.

கணக்குப்புலி:
நடு வருஷத்தில் சேர்ந்தால், வரி பிடிப்பதற்காக நாம் புதுக் கம்பெனிக்குத் தரும் ஃபார்ம் 12பியும் வரும். அந்த நிதியாண்டில் பழைய இடத்தில் வாங்கிய சம்பளம் அதில் இருக்கும்.

வேளச்சேரி வெண்பொங்கல்:
ஆக, புதுக் கம்பெனிக்குச் சம்பளம் தெரிந்துவிடும். நீங்களே சொல்லிவிட்டீர்கள் சார், நன்றி!

கணக்குப்புலி:
12பி என்ன பாஸ்புக்கா? நான் வைத்த தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது? மேலும் 12பி கட்டாயமில்லை. கொடுக்காவிட்டால் இரண்டு கம்பெனியும் தனித்தனியாகக் கழிவு கொடுத்து வரியைக் குறைவாகப் பிடிக்கும், ரிட்டர்ன் போடும்போது வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும். வேலையை விடுமுன் எத்தனை நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்று முன்பு பேசிய திரியிலும் நீங்கள் இப்படித்தான் ஒன்றுக்கு ஒன்பதாகத் திரித்தீர்கள்.

வேளச்சேரி வெண்பொங்கல்:
அந்தத் திரியில் 90 நாள் நோட்டீஸ் நியாயம் என்று முதலாளிக்கு வக்காலத்து வாங்கியது யார்?

சான்ஹோசே ரிட்டர்ன்:
90 நாளா! அமெரிக்காவில் இரண்டு வாரம் சொன்னால் போதும்.

கணக்குப்புலி:
அங்கே மறுநாளே வீட்டுக்கு அனுப்பவும் செய்வார்கள், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெண்பொங்கல், நியாயம் என்று நான் எங்கே எழுதினேன்? வரியை எடுத்துப் போடுங்கள், காத்திருக்கிறேன். அந்த 4,800க்கும் பதில் வரவில்லை. மீதிச் சம்பளம் பாஸ்புக்கில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

வேளச்சேரி வெண்பொங்கல்:
தேடி எடுத்துப் போடுகிறேன் சார். அதற்குள் பதிவை அழித்துவிடாதீர்கள், ஸ்கிரீன்ஷாட்டும் இருக்கிறது.