காலையில் கிளம்ப மறுக்கும் அப்பாவின் வண்டி

வணக்கம் நண்பர்களே. அப்பா ஓட்டிய 2009ஆம் ஆண்டு 100 சிசி பைக், கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) வகை. கோத்தகிரிக் குளிரில் சோக்கை (குளிரில் பெட்ரோல் கலவையைக் கூட்டும் விசை) இழுத்துவிட்டு 20 முறையாவது கிக்கரை உதைக்க வேண்டியிருக்கிறது. சூடேறிவிட்டால் அரை உதையில் கிளம்பிவிடுகிறது.

பொறி தந்து பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் முனையில் கரி; பெட்ரோலில் நனைந்தும் இருக்கிறது. ஆக, பெட்ரோல் வருகிறது. புதிய பிளக் போட்டு இடைவெளியை 0.7 மில்லிமீட்டர் வைத்தேன். இரண்டு நாள் சரியாக இருந்தது, பிறகு பழைய கதைதான். பிளக்கை எஞ்சின்மேல் வைத்து உதைத்துப் பார்த்தேன்: பொறி வலுவான நீலமாக இல்லை, மங்கலான ஆரஞ்சு நிறம்.

கோளாறு எதில்: பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலா, அதைப் பிளக்கோடு இணைக்கும் பிளக் கேப்பா, எஞ்சின் வால்வு இடைவெளியா? மெக்கானிக் கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார், மனம் ஒப்பவில்லை. எதை முதலில் சோதிப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். இந்த வண்டியை நான் விற்கப்போவதில்லை.