மாச வாடகை வீடு: காலி பண்ணச் சொல்றதுல உங்க அனுபவம் என்னங்க?

திருப்பூர் உறுப்பினர்:

எங்க பக்கம் லைன் வீடு வெச்சிருக்கிற பலபேர்கிட்ட அக்ரிமெண்ட்டே கிடையாதுங்க. அட்வான்ஸ் வாங்குவோம், சாவி கொடுப்போம், மாசம் பொறந்தா வாடகை வரும், அப்படியே அஞ்சாறு வருசம் ஓடிரும். காலி பண்ணச் சொல்லும்போதுதான் மனசு கசந்து போகுது. நான் பார்த்த வரைக்கும், சொல்ற நேரம் சரியில்லாமத்தான் பாதிச் சண்டை வருது.

பையனுக்கு ஆவணியில கல்யாணம் வெச்சிருந்தோம். முன்பக்கத்து வீட்டை அவனுக்கு ஒதுக்கோணும். குடியிருந்தவரு பனியன் கம்பெனியில டெய்லர், சம்சாரம் செக்கிங் வேலைக்குப் போறவங்க, பள்ளிக்கூடம் போற கொழந்தைங்க ரெண்டு. ஆவணிக்குத்தானே வேணும், ஆனிக் கடைசியில சொன்னாப் போதும்னு சொந்தக்காரங்க சொன்னாங்க. ஆனா ஆடி மாசத்துல யாருங்க புது வீட்டுல பால் காய்ச்சுவாங்க? ஜூலை பாதியில ஆடி பொறந்துரும். அதனால கணக்கை அங்கிருந்து பின்னோக்கிப் போட்டேன். ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள அவங்களுக்குத் தெரிஞ்சாகோணும். மே மாசம் முதல் வாரத்துலயே சொல்லீட்டேன்.

வாயில சொன்னதோட நிக்காம வெள்ளைத்தாள்ல ரெண்டு படி எழுதினேன். கதவு எண், தேதி, அதுக்குக் கீழ: ‘மகனுக்கு வீடு தேவைப்படுவதால் ஜூலை 10-க்குள் காலி செய்து தரவும். அட்வான்ஸ் ரூ.15,000 சாவி ஒப்படைக்கும் அன்றே தரப்படும்.’ அவர் ஒரு படியில ‘பெற்றுக்கொண்டேன்’னு எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வெச்சார். வெச்சுட்டு, “அண்ணா, புது வீட்டுக்கு முன்னாடியே அட்வான்ஸ் கட்டோணுமே, நான் எங்க போறது?”ன்னார். நியாயமான கேள்விங்க. வீடு பார்த்து முடிவு பண்ணுன அன்னைக்கே பாதியைக் கொடுத்து, அதையும் அந்தத் தாள்லயே எழுதிக்கிட்டோம். ஜூன் கடைசியிலேயே ரெண்டு வீதி தள்ளிப் போயிட்டாங்க. பையன் கல்யாணத்துக்குக் குடும்பத்தோட வந்து மொய் வெச்சாங்க.

சட்டத்தையும் சொல்லிடறேன். ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலைன்னா, மாச வாடகைக்கு 15 நாள் நோட்டீஸ்ங்கிறது 1882-ம் வருசத்துச் சொத்து மாற்றுச் சட்டம், 106-வது பிரிவு. எழுத்துல இருக்கோணும், கையெழுத்து வேணும். அந்தப் பதினஞ்சு நாளும் அவங்க கைக்குக் கடுதாசி கெடைச்ச தேதியில இருந்துதான் எண்ணோணும். ‘பெற்றுக்கொண்டேன்’ கையெழுத்து அதுக்காகத்தான். நகரத்துக்குள்ள இருக்கிறவங்களுக்கு 2017-ம் வருசத்து வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில இருந்து அமல்ல இருக்குது. எழுத்துல ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரிகிட்ட பதியோணும். நோட்டீஸ் கொடுத்தும் போகலைன்னா வாடகை நீதிமன்றம்தான் வழி. தண்ணியை நிறுத்தறது, கரண்ட் ஃபியூஸைப் புடுங்கறது எல்லாம் அந்தச் சட்டத்துல தப்பு. சட்டத்தை விடுங்க, கொழந்தைங்க இருக்கிற வீட்டுல தண்ணியை நிறுத்த ஒரு மனுசனுக்கு எப்படிங்க மனசு வரும்?

கோவை சரவணம்பட்டி உறுப்பினர்:

எங்களுக்குத் தலைகீழுங்க, நோட்டீஸ் தர வேண்டியது அந்தப் பக்கம். ஐடி கம்பெனிப் பசங்க மூணு பேரு இருந்தாங்க. பதினோரு மாச அக்ரிமெண்ட் முடிஞ்சுது, யாரும் புதுப்பிக்கலை, வாடகை மட்டும் ஒழுங்கா வந்துட்டிருந்துச்சு. நானும் வாங்கிக்கிட்டேன். அப்படி வாங்கிக்கிட்டா மாசா மாசம் தொடர்ற வாடகைதான் அது. திடீர்னு ஒரு 28-ம் தேதி வாட்ஸ்அப்ல, “அங்கிள், ஒண்ணாந்தேதி காலி பண்றோம், அட்வான்ஸை ஜிபே பண்ணிடுங்க.”

கோவம் வந்துச்சுங்க. பழைய அக்ரிமெண்ட்ல ஒரு மாச நோட்டீஸ்னு இருக்குது. மூணு பேரையும் உக்கார வெச்சுப் பேசுனேன். “டூலெட் போர்டு இன்னைக்கே மாட்டறேன் தம்பிங்களா. வீடு எத்தனை நாள் காலியாக் கெடக்குதோ அத்தனை நாள் வாடகையை மட்டும் புடிச்சுக்கறேன், அதுவும் ஒரு மாசத்துக்கு மேல புடிக்க மாட்டேன்”னு சொன்னதும் ஒத்துக்கிட்டாங்க. மூணாவது வாரம் வேற ஆள் வந்துட்டாங்க, மிச்சத்தை அனுப்பிட்டேன். அவங்கள்ல ஒரு தம்பி தன் அலுவலகத்துல இருந்து எனக்கு ரெண்டு தடவை ஆள் புடிச்சுக் கொடுத்திருக்கார்.

கடைசி மாச வாடகையை மட்டும் அட்வான்ஸ்ல கழிக்க ஒத்துக்காதீங்க. உடைஞ்ச குழாய்க்கும் பெயிண்டுக்கும் அப்புறம் கையில எதுவும் மிஞ்சாது.

ஈரோடு உறுப்பினர்:

கரண்ட் பில்லை மறந்துட்டீங்களே! நம்மூர்ல ரெண்டு மாசத்துக்கு ஒருக்காத்தான் ரீடிங் எடுக்கறாங்க. நடுவுல ஆள் மாறினா பில் புதுசா வந்தவங்க தலையில விழும். காலி பண்ற அன்னைக்கு ரெண்டு பேரும் நின்னு மீட்டரை போட்டோ எடுத்துருங்க. யூனிட் கூடக்கூட ரேட்டும் கூடும், அதனால நாங்க மொத்த பில்லையும் யூனிட் வீதத்துல பிரிச்சு, பழையவங்க பங்கை அட்வான்ஸ்ல கழிச்சுட்டு மீதியைக் கொடுக்கறோம். எங்க வீதியில தறி ஓட்டறவங்கதான் குடியிருக்காங்க, நூறு ரூபா கூடக்கொறைய ஆனாலும் அவங்களுக்கு உறுத்தும்.

திருப்பூர் உறுப்பினர்:

ஈரோட்டுக்காரங்க சொன்னது உண்மைங்க, ரீடிங்கையும் அந்தத் தாள்லயே எழுதுங்க. இன்னொண்ணு, தீபாவளி. போனஸ் வாங்கிட்டு ஊருக்குப் போற பசங்க சிலபேரு திரும்பி வர்றதில்லை. வீட்டுல பாயும் பக்கெட்டும் கெடக்கும், பூட்டை உடைக்கவும் முடியாது. பஸ் ஏறுறதுக்கு முன்னாடியே, “வருவீங்களா சாமி, எந்தத் தேதிக்கு?”ன்னு கேட்டு, ஊர்ல ஒருத்தரோட நம்பரையும் வாங்கி வெச்சுக்குவேன்.

நோட்டீஸுக்குப் பத்திரத்தாள் வேணுமான்னு ஒருத்தர் தனியாக் கேட்டிருந்தீங்க. வேண்டாமுங்க, வெள்ளைத்தாளே போதும்.