எட்டு மைலுக்கு மூன்று பாகம் பயணக் கட்டுரையா?

கேமரன் வாசி:
பக்கத்து இழையில் நண்பர் தார்க்கால் "எதிரிக் கோட்டையில் ஒரு சனிக்கிழமை" என்று மூன்று பாகம் எழுதி முடித்திருக்கிறார். பார்க்காதவர்களுக்குச் சுருக்கம்: 2023 பிப்ரவரி 4 அன்று சேப்பல் ஹில்லிலிருந்து டர்ஹம் வந்து, எங்கள் கேமரன் அரங்கத்தில் எங்கள் டியூக் பல்கலைக்கும் அவருடைய சேப்பல் ஹில் நார்த் கரோலினா பல்கலைக்கும் நடந்த கூடைப்பந்து ஆட்டம் பார்த்தாராம். முதல் பாகம் முழுக்க வண்டியில் ஏறுகிறார். இரண்டாம் பாகத்தில்தான் இரண்டு ஊரையும் இணைக்கும் 15-501 சாலையே கண்ணில் படுகிறது. "வெளியூர் ஆட்டத்துக்குப் போகும் பதற்றம்" என்று ஒரு வரி வேறு.

ஐயா, இரண்டு கல்லூரிக்கும் நடுவில் எட்டு மைல். எட்டு. நான் வாராவாரம் டர்ஹமிலிருந்து மாரிஸ்வில் போய் வெண்டைக்காய் வாங்கி வருகிறேன், அது இதைவிடத் தூரம். நானும் மூன்று பாகம் எழுதட்டுமா? வெளியூர் ஆட்டம் என்றால் கன்சாஸ் போகணும், கென்டக்கி போகணும். இது கொல்லைப்புறத்துக்குப் போய் வந்த கதை.

தார்க்கால்:
வந்துவிட்டாரா! இவர் வராமல் கட்டுரை முழுமை பெறாதே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில், எட்டு இல்லை. எங்கள் அரங்கமான டீன் டோம் வாசலில் மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டுக் கிளம்பினேன். கேமரன் பக்கத்தில் வண்டியை நிறுத்தும்போது 10.7. படம் பிடித்து வைத்திருக்கிறேன்.

இரண்டாவது, வெளியூர் என்பது மைலில் இல்லை. உங்கள் ஊரில் இறங்கியதிலிருந்து எங்கள் கல்லூரி நிறமான வெளிர்நீலச் சட்டைமேல் கறுப்பு ஜாக்கெட் போட்டுக் கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டிருந்தேன். பிப்ரவரி குளிரில் உடம்பு முழுக்க டியூக்கின் அடர்நீலம் பூசிக்கொண்டு சட்டையில்லாமல் ஒரு பையன் எதிரே வந்து, என் கழுத்தில் தெரிந்த அரை அங்குல நீலத்தைப் பார்த்துவிட்டு, "சார், தவறான நீலம்" என்றான். அவ்வளவு மரியாதையாகச் சொன்னதுதான் பயமாக இருந்தது. உள்ளே 9,314 பேர். எங்கள் ஆள் ஆடுகளக் கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே எறிய வந்தால், முதுகில் படாத குறையாக நூறு கைகள் நீண்டு விரலை ஆட்டுகின்றன. மரப் பலகைமேல் நின்று மொத்தக் கூட்டமும் குதிக்கும்போது என் பாப்கார்ன் டப்பா தானாக நகர்ந்தது. இதெல்லாம் கொல்லைப்புறத்தில் நடக்குமா?

கேமரன் வாசி:
பாப்கார்ன் நகர்ந்ததெல்லாம் சரி. ஸ்கோர் எங்கே? மூன்று பாகத்தில் ஓரிடத்திலும் காணோமே. நானே சொல்லிவிடுகிறேன்: டியூக் 63, நார்த் கரோலினா 57. எட்டு என்ற எண் உங்களுக்கு ஏன் பிடிக்காது என்று இப்போதுதான் புரிகிறது. அன்றைக்கு எங்கள் ஆட்டக்காரர் லைவ்லி தடுத்த ஷாட் எத்தனை? எட்டு. தூரம் எத்தனை? எட்டு.

மாரிஸ்வில் மீனா:
வான்வழியா, சாலை வழியா என்று முதலில் யாராவது சொல்லுங்களேன். பறவை பறக்கிற மாதிரி அளந்தால் எட்டு, சாலையில் போனால் பத்துக்கு மேல். இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறீர்கள்.

தார்க்கால்:
நான் பறவை இல்லை. 10.7.

கேமரன் வாசி:
நூறு வருடமாக எல்லோரும் எட்டு என்றுதான் சொல்கிறார்கள். மீட்டர் தகராறு என்றால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். வழி தெரியாமல் வாகன நிறுத்தத்தைத் தேடிச் சுற்றியதையும் சேர்த்து எழுதியிருப்பீர்கள்.

புது வரவு:
வணக்கம். ஆகஸ்டில்தான் சேப்பல் ஹில்லில் முதுகலை சேர்ந்தேன். கேமரனில் ஒரு ஆட்டம் பார்க்க ஆசை. கார் இல்லை. பஸ்ஸில் போக முடியுமா? டிக்கெட் எப்படி வாங்குவது?

ராலே ஓநாய்:
இந்தச் சண்டையில் என் ஊரை வழக்கம்போல மறந்துவிட்டீர்கள். பரவாயில்லை, பழகிவிட்டது. சின்ன நினைவூட்டல் மட்டும்: 2024 மார்ச் 16, ஏசிசி (நம் மூன்று கல்லூரியும் ஆடும் லீக்) இறுதி ஆட்டம், எங்கள் ராலேயின் என்.சி. ஸ்டேட் 84, நார்த் கரோலினா 76. அடுத்து மார்ச் 31, தேசியப் போட்டியில் இறுதி நால்வர் சுற்றுக்குப் போகும் ஆட்டம், என்.சி. ஸ்டேட் 76, டியூக் 64. பதினைந்து நாளில் இரண்டு நீலத்தையும் துவைத்துக் காயப்போட்டோம். அந்த ஆட்டங்களைப் பார்க்க வாஷிங்டன், டல்லாஸ் என்று நான் போனது பயணம். நீங்கள் போனது நடைப்பயிற்சி.

கேமரன் வாசி:
ஓநாய் அண்ணே, 1983-இல் தேசியப் பட்டம் வென்ற பிறகு உங்களுக்கு நடந்த ஒரே நல்ல விஷயம் அதுதான், அனுபவியுங்கள். பாருங்கள், அவரே நடைப்பயிற்சி என்கிறார். எட்டு மைல் என்று நான் சொன்னதற்குச் சாட்சி கிடைத்துவிட்டது.

ராலே ஓநாய்:
நான் எட்டு என்று எங்கே சொன்னேன்? என்னை இழுக்காதீர்கள்.

தார்க்கால்:
எண்ணிக்கையில் இவ்வளவு கறாரான மனிதர், ஒரு எண்ணை மட்டும் மறந்துவிட்டார். இரண்டு. இரண்டு பிரியாணி.

தெரியாதவர்களுக்கு: 2022 மார்ச் 5, டியூக்கின் நெடுநாள் பயிற்சியாளர் கோச் கே ஓய்வு பெறுமுன் சொந்த அரங்கில் ஆடவைத்த கடைசி ஆட்டம். பழைய வீரர்கள் தொண்ணூறு பேருக்கு மேல் வந்து உட்கார்ந்திருந்தார்கள். டிக்கெட் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போனது. நாங்கள் 94-81 என்று ஜெயித்துவிட்டு வந்தோம். அப்புறம் ஏப்ரல் 2, நியூ ஆர்லியன்ஸ், இறுதி நால்வர், 81-77. அந்த மனிதரின் கடைசி ஆட்டமும் எங்கள் கையில்தான் முடிந்தது. இரண்டுக்கும் கேமரன் வாசி என்னோடு பந்தயம் கட்டினார். தோற்றால் ஆட்டுக்கறி பிரியாணி. நாளது தேதிவரை ஒரு தட்டுகூட வரவில்லை.

கேமரன் வாசி:
பந்தயம் ஒன்றுக்குத்தான் ஒப்புக்கொண்டேன். அதையும் தரத் தயாராகத்தான் இருந்தேன். பொங்கல் விழாவில் எதிரே வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது யார்? திரும்பிப் பார்க்காதவருக்குப் பிரியாணியை முதுகில் வைத்தா கொடுப்பது?

பேச்சை மாற்ற வேண்டாம். எட்டு மைலுக்கு வருவோம்.

தார்க்கால்:
கண்ணாடி போடாமல் வந்திருந்தேன். ஆள் அடையாளம் தெரியவில்லை. அதற்கு ஒரு பிரியாணியைக் கழிப்பீர்களா?

மாரிஸ்வில் மீனா:
புது வரவு தம்பி, இவர்கள் பதில் சொல்லமாட்டார்கள். இரண்டு கல்லூரிக்கும் நடுவே ராபர்ட்சன் பஸ் ஓடுகிறது. ஆட்ட நாளில் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோ டிரையாங்கிள் 400 பஸ்ஸும் டவுன்டவுன் டர்ஹமுக்குப் போகும். டிக்கெட்தான் கஷ்டம். ஆடுகளத்தை ஒட்டிய மாணவர் பகுதி டியூக் மாணவர்களுக்கு மட்டும். அதற்கே அவர்கள் வாரக்கணக்கில் அரங்கத்துக்கு வெளியே கே-வில் என்கிற புல்வெளியில் கூடாரம் போட்டுக் கிடக்கிறார்கள். நீங்கள் மறுவிற்பனையில்தான் வாங்கணும், விலையைப் பார்த்தால் கண் கட்டும். உங்கள் அரங்கத்திலேயே 21,000 பேருக்கு மேல் உட்காரலாம், முதலில் அங்கே பாருங்கள்.

கேமரன் வாசி:
ஆமாம், அங்கே தாராளமாக இடம் கிடைக்கும், தூங்கவும் வசதி. 1991-லேயே ஃபுளோரிடா ஸ்டேட் ஆட்டக்காரர் சாம் கசெல் சொல்லிவிட்டுப் போனார், அது ஒயினும் சீஸும் சாப்பிடுகிற கூட்டம் என்று. எங்கள் பிள்ளைகள் கூடாரத்துக்குப் பன்னிரண்டு பேர் என்று சேர்ந்து குளிரில் படுக்கிறார்கள். கறுப்புக் கூடாரம் என்கிற முதல், கடுமையான கட்டத்தில் ராத்திரி பத்துப் பேர் உள்ளே இருந்தே ஆகணும். பயணம் என்றால் அது, ஓர் அடி நகராமல். உங்கள் ஆள் எட்டு மைல் ஏசி காரில் வந்துவிட்டு...

தார்க்கால்:
ஹீட்டர். பிப்ரவரியில் ஏசி போடுகிற ஊரா இது? 10.7.

தூங்குகிற கூட்டமாம். டியூக்கை ஜெயித்த ராத்திரி ஃபிராங்க்ளின் தெருவுக்கு வந்து பாருங்கள், தெரு நடுவில் நெருப்பு மூட்டி அதைத் தாண்டிக் குதிக்கிறார்கள். ஆறு முறை தேசியப் பட்டம் வென்ற ஊர். 1924-ஐயும் சேர்த்தால் ஏழு.

ராலே ஓநாய்:
ஏழா! சிரித்துச் சிரித்து டீ கொட்டிவிட்டது. தேசியப் போட்டியே 1939-இல்தான் ஆரம்பித்தது. அதற்கு முந்தைய ஏதோ ஒரு வருடத்துக்கு யாரோ பிற்பாடு உட்கார்ந்து யோசித்துக் கொடுத்த பட்டத்துக்கும் அரங்கத்தில் கொடி தொங்கவிட்டிருக்கிறார்களே, அதைத்தானே சொல்கிறீர்கள்?

தார்க்கால்:
1924-இல் 26 ஆட்டம், 26 வெற்றி. ஒன்றுகூடத் தோற்கவில்லை. கொடி இருக்கும்.

கேமரன் வாசி:
இப்போது புரிகிறதா எல்லோருக்கும்? ஆறை ஏழு என்பவர் எட்டைப் பத்து என்று சொல்லமாட்டாரா?

தார்க்கால்:
பத்து இல்லை. 10.7.

வேலூர் ராஜன்:
எனக்குக் கூடைப்பந்து தெரியாது. மாரிஸ்வில் சர்ச் ஸ்ட்ரீட் பார்க்கில் 2023-இல் மேஜர் லீக் கிரிக்கெட்டே நடந்தது. அதைப் பற்றி இங்கே ஒரு இழைகூட இல்லை. இவர்கள் மைல் கணக்குக்கு நாற்பது பதில்.

கேமரன் வாசி:
ராஜன் சார், கிரிக்கெட்டுக்குத் தனி இழை தொடங்குங்கள், யார் தடுத்தது? இங்கே தூரம் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

வேலூர் ராஜன்:
தொடங்கினேன். நீங்கள்தான் வந்து அதிலும் டியூக் பற்றி எழுதினீர்கள். மட்டுறுத்துநர் பூட்டிவிட்டார்.

மாரிஸ்வில் மீனா:
என் மகள் டியூக்கில் படிக்கிறாள், மகன் சேப்பல் ஹில்லில். ஆட்ட நாளில் வீட்டில் ஒரே டிவி. அவர்கள்கூட இப்படிச் சண்டை போட்டதில்லை. 2019-இல் இதே இரண்டு அணி ஆட்டத்தில் டியூக் நட்சத்திரம் சையன் வில்லியம்சனின் ஷூ முதல் நிமிடமே கிழிந்து அவன் உட்கார்ந்தபோது, மகன் ஜெயிக்கப்போகிறோம் என்று சந்தோஷப்படாமல் "ஐயோ முட்டி" என்றான். 88-72 என்று அவன் கட்சிதான் ஜெயித்தது. அன்றைக்கு மகள் சாப்பிடவில்லை, அது வேறு விஷயம்.

கேமரன் வாசி:
மீனா அக்கா, உங்கள் மகன் நல்ல பிள்ளை. அவன் எந்தக் கல்லூரியில் படித்தாலும் எட்டு மைலை எட்டு என்றுதான் சொல்வான், கேட்டுப் பாருங்கள்.

மாரிஸ்வில் மீனா:
கேட்டேன். "எந்த வழியில்?" என்கிறான்.

தார்க்கால்:
பையன் படித்த பையன்.

மட்டுறுத்துநர்:
பிரியாணி விவகாரத்தைத் தனிமடலில் பேசிக்கொள்ளவும். "மெக்கானிக்" கிண்டலுக்கு ஒரு எச்சரிக்கை.

கேமரன் வாசி:
எச்சரிக்கை எனக்கா? ஏழு பட்டம் என்று பொய் சொன்னவருக்கு இல்லையா? சரி, ஒரே வழிதான். வருகிற ஞாயிறு காலை ஏழு மணி. சேப்பல் ஹில் பெல் டவர் வாசலுக்கு வருகிறேன். என் வண்டி, என் மீட்டர். சேர்ந்தே ஓட்டி அளப்போம். ராஜன் சார் நடுவர்.

வேலூர் ராஜன்:
ஞாயிறு எனக்கு மேட்ச் இருக்கிறது.

தார்க்கால்:
பெல் டவர் எதற்கு? ஆட்டம் ஆடுவது பெல் டவரிலா? டீன் டோமிலிருந்துதான் அளக்கணும். அதுவும் என் வண்டியில். வரும்போது ஒரு பாத்திரம் கொண்டு வாருங்கள், மூடியோடு.

புது வரவு:
ஞாயிற்றுக்கிழமை வண்டியில் ஒரு இடம் இருக்குமா? அரங்கத்தை வெளியிலிருந்தாவது பார்த்துக்கொள்கிறேன்.

கேமரன் வாசி:
தம்பி, நீங்கள் வரலாம். ஆனால் டீன் டோமிலிருந்து என்றால் நான் வரமாட்டேன். பெல் டவர்தான்.