கண்ணுக்குள் போடும் ஊசி, குடல் புற்றுநோய் மருந்தா?

நெல்லைவாசி:
அப்பாவுக்கு 15 வருடமாகச் சர்க்கரை. விழித்திரையில் நீர் கோத்திருக்கிறது என்று போன மாதம் கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். சீட்டில் பெவாசிசுமாப் என்றிருந்தது, தேடிப் பார்த்தால் குடல் புற்றுநோய்க்கான மருந்து என்று வருகிறது, வீட்டில் ஒரே கலவரம். விஇஜிஎஃப் என்ற புரதத்தைத் தடுக்குமாம். அது ரத்தக் குழாயை வளர்க்கிற புரதம்தானே? பழைய குழாய் கெட்டுப்போச்சு, புதுசு வளர்ந்தால் வளரட்டுமே, ஏன் தடுக்கணும்?

செல்பித்தன்:
அதே மருந்துதான், பயப்படாதீர்கள். கண்ணுக்குப் போவது 1.25 மில்லிகிராம். புற்றுநோய்க்கு நரம்பு வழியாக ஏற்றும்போது 60 கிலோ ஆளுக்கு ஒரு தடவைக்கே 300 மில்லிகிராமாவது ஆகும்.

"வளரட்டுமே" என்றீர்களே, சிக்கலே அங்கேதான். 1983இல் இந்தப் புரதத்தை முதலில் பிடித்தபோது ரத்தக் குழாயை ஒழுகவிடும் காரணி என்றுதான் பெயர் வைத்தார்கள். குழாயை வளர்ப்பதும் அதே ஆசாமிதான் என்று 1989இல்தான் தெரிந்தது. சர்க்கரையால் நுண்குழாய்கள் அடைபட்டு விழித்திரைக்கு ஆக்சிஜன் குறையும்போது, சாதாரணமாக உடனுக்குடன் சிதைந்துபோகும் ஹிஃப் என்ற புரதம் சிதையாமல் தங்கிவிடும், அது போய் விஇஜிஎஃப் மரபணுவைத் தட்டி எழுப்பும். உடனே இருக்கிற குழாய் ஒழுக ஆரம்பிக்கும், அந்த நீர்தான் அப்பாவுக்குக் கோத்தது. முற்றினால் அவசரத்தில் முளைக்கிற புதுக் குழாயும் உறுதியில்லாதது, தானாகவே உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கசியும்.

குறுக்குசால்:
ஒரு திருத்தம், விஇஜிஎஃப் ஒற்றைப் புரதம் இல்லை, குடும்பம். மேலே சொன்னதெல்லாம் 'ஏ' வகை. சி, டி இரண்டும் பெரும்பாலும் நிணநீர்க் குழாயைப் பார்த்துக்கொள்ளும். இவற்றைப் பிடித்துக்கொள்ள செல்லின் மேல் ஏற்பிகள் என்ற புரதங்கள் உண்டு, அதில் எனக்குப் பிடித்தது ஒன்றாம் எண் ஏற்பி. 'ஏ'யை இறுக்கிப் பிடிக்கும், ஆனால் செல்லுக்குள் பெரிதாகச் சேதி சொல்லாது. சேதி சொல்வது இரண்டாம் எண். ஒன்றாம் எண்ணின் கரையக்கூடிய துண்டு கருவிழியில் (கார்னியா) நிறைய இருப்பதால்தான் அங்கே ரத்தக் குழாயே எட்டிப் பார்ப்பதில்லை. இந்தப் பொறியைப் பார்த்துச் செய்ததுதான் அஃப்லிபெர்செப்ட் என்ற இன்னொரு கண் ஊசி மருந்து.

நெல்லைவாசி:
சரி, மாதாமாதம் ஏன் வரச் சொல்கிறார்கள்?

செல்பித்தன்:
மருந்து இருக்கிற புரதத்தைத்தான் உறிஞ்சும், விழித்திரை அதைச் சுரந்துகொண்டேதான் இருக்கும். தளும்புகிற தொட்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறோம், தண்ணீர் வருகிற குழாயை மூடவில்லை. அப்புறம், அப்பாவுக்குச் சமீபத்தில் மாரடைப்பு, பக்கவாதம் ஏதாவது வந்திருந்தால் அடுத்த ஊசிக்கு முன்னால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

நெல்லைவாசி:
ஐயோ, மூன்று மாதம் முன்னால் அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்தோம். கண் டாக்டரிடம் அதை யார் சொல்கிறது என்று இருந்துவிட்டோம். நாளைக் காலையிலேயே ஃபைலோடு போகிறேன்.