ஒளியைக் கண்ணாடி இழைக்குள்ளேயே சற்று நேரம் நிறுத்திவைக்க முடியுமா?

கேள்வி: கிண்டி மாணவி
இணையத் தரவை வழிபிரித்து அனுப்பும் ரவுட்டரை வந்தடையும் ஒளித்துடிப்பு மின்சாரமாக மாறி, நினைவகத்தில் தன் முறைக்காகக் காத்திருந்து, மறுபடியும் ஒளியாகிப் புறப்படுகிறது. இவ்விரு மாற்றங்களையும் தவிர்த்து, பாக்கெட்டை (தரவின் ஒரு சிறு துண்டை) ஒளியாகவே ஒரு ஃபைபர், அதாவது கண்ணாடி இழைச் சுருளுக்குள் சுற்றவிட்டு வைத்திருக்க இயலாதா? சென்னை–சிங்கப்பூர் கடலடிக் கேபிளே ஒரு நினைவகம்தான் என்று வகுப்புத் தோழர் ஒருவர் சொன்னதிலிருந்து இக்கேள்வி என்னை விடவில்லை. என் திட்டப்பணிக்கு இதையே எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: அடையாறு
தோழர் சொன்னது சரியே. இழைக்குள் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 4.9 மைக்ரோநொடி ஆகிறது. 10 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 1000 கோடி பிட்) வேகத்தில் ஒரு பிட்டின் நீளம் 2 சென்டிமீட்டர். 1500 பைட் பாக்கெட் ஒன்று சுமார் 245 மீட்டர் நீண்டு கிடக்கும். 3200 கிலோமீட்டர் நீளமுள்ள ஐ2ஐ எனும் அந்தச் சென்னை–சிங்கப்பூர் கேபிளில், அந்த வேகத்தில் இயங்கும் ஓர் அலைநீளத்தில் (ஒளியின் ஒரு நிறத்தில்) மட்டும், எந்நேரமும் 20 மெகாபைட் அளவு தரவு பயணத்தில் இருக்கும். வங்கக் கடலையே தாண்டும் கேபிளுக்கு இவ்வளவுதானா என்று எனக்கும் முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

பதில்: மயிலாப்பூர்
அளவைவிடப் பெரிய சிக்கல், வேண்டும்போது எடுக்க முடியாமைதான். பிராகாரம் சுற்றுபவரைச் சந்திக்க வேண்டுமானால் அவர் கொடிமரத்தருகே மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டும். சுருளில் விட்ட பாக்கெட்டும் அப்படித்தான். 1949இல் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினி, பாதரசக் குழாயில் ஒலித்துடிப்புகளைச் சுற்றவிட்டு இதே முறையில்தான் நினைவில் வைத்தது. ஆனால் அங்கே ஒவ்வொரு சுற்றிலும் துடிப்பை மின்னணுச் சுற்று புதிதாக வார்த்தது. ஒளிச் சுருளில், ஒளியை ஒளியாகவே பெருக்கும் எர்பியம் ஆம்ப்ளிஃபயர் இழப்பை ஈடுகட்டினாலும், தன் இரைச்சலையும் சேர்த்தே பெருக்குகிறது. சில சுற்றுகளுக்குப் பின் பிட்டை அடையாளம் காண்பது கடினம். ஒளியின் வேகத்தையே குறைக்கலாம் என்பீர்கள்: 1999இல் இயற்பியலாளர் லீன் ஹவ் குழுவினர் அதை நொடிக்கு 17 மீட்டராகக் குறைத்தனர், ஆனால் கடுங்குளிரூட்டிய சோடியம் அணுக்களில். கண்ணாடி இழையில் ஒளியை ஒலியலையாக மாற்றிச் சேமித்த 2007ஆம் ஆண்டுச் சோதனை எட்டியது 12 நானோநொடி.

பதில்: களப்பணியாளர், அம்பத்தூர்
மாணவியை அச்சுறுத்த வேண்டாம் ஐயா. எவ்வளவு நேரம் என்பது முன்கூட்டியே தெரிந்தால் சுருள் நன்றாகவே உதவும். அமெரிக்காவின் ஐஇஎக்ஸ் பங்குச் சந்தை, ஆணைகளை 350 மைக்ரோநொடி தாமதப்படுத்த 38 மைல் ஃபைபரைப் பெட்டிக்குள் சுருட்டி வைத்திருக்கிறது. ஓடிடிஆர் சோதனைக்கு (ஒளித்துடிப்பை அனுப்பி இழையின் பழுதைக் கண்டறிவது) நாங்கள் பயன்படுத்தும் 1 கிலோமீட்டர் சுருளிலேயே உங்கள் பாக்கெட் நான்கு அடங்குமே, அம்மா. அதை ஒரு சுற்று விட்டு, வெளிவரும் துடிப்பை முதலில் அளந்து பாருங்கள். ஒரே வழியில் ஒரே நேரத்தில் வெளியேற வந்து மோதும் இரண்டு பாக்கெட்டுகளில் ஒன்றை மட்டும் தாமதப்படுத்துவதே திட்டப்பணிக்குப் போதும்.

கிண்டி மாணவி
நன்றி ஐயா. ஆய்வகத்தில் அதே நீளச் சுருள் ஒன்று இருக்கிறது. பாக்கெட்டைச் சுருளுக்குள் திருப்பிவிடும் ஒளி ஸ்விட்சுக்குத்தான் துறைத் தலைவரிடம் விண்ணப்பிக்க வேண்டும்.