லீவில் வந்திருக்கும் அக்னிவீர் பெண்: புகாரை எங்கே கொடுப்பது?

குடமுருட்டி:

பாபநாசம் பக்கத்துக் குடும்பம் ஒன்றுக்காகக் கேட்கிறேன். பெண் அக்னிவீர் (நாலு வருஷத்துக்கு ராணுவத்தில் சேர்ப்பார்கள், பிறகு சிலரைத்தான் நிலைக்க வைப்பார்கள்), ராணுவப் போலீஸ் பிரிவு, வடநாட்டில் போஸ்டிங். ஹவில்தார் ஒருவர் மேல் புகார். இரவு டியூட்டி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். பிறகு "நாலு வருஷம் முடிஞ்சு நிலைக்கணுமா, வீட்டுக்குப் போகணுமா, நீயே முடிவு பண்ணு" என்று இந்தியில் வாட்ஸ்அப். கடைசி மெசேஜ் வந்து 7 வாரம் ஆகிறது. லீவு முடிய 9 நாள்.

ஒரு மகளிர் காவல் நிலையத்தில் "இது மிலிட்டரி சமாச்சாரம், அங்கேயே சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். சித்தப்பா "போகவே வேண்டாம், வீட்டிலேயே இரு" என்கிறார். அப்பா "சிஓவிடம் (யூனிட்டின் கமாண்டிங் ஆபீசர்) சொன்னால் அவரே விசாரிப்பார், அது போதும்" என்கிறார். எதை முதலில் செய்வது?

வடவாறு வக்கீல்:

காவல் நிலையத்தில் சொன்னது தவறு. ராணுவ நீதிமன்றமா, சாதாரண நீதிமன்றமா என்பது எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு வரும் கேள்வி. அதைக் காட்டி எஃப்.ஐ.ஆரையே மறுக்க முடியாது. சம்பவம் எந்த மாநிலத்தில் நடந்திருந்தாலும் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்ற நடைமுறைச் சட்டம்) 173-இன்படி இங்கேயே ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதியலாம், பிறகு அந்த ஊர் ஸ்டேஷனுக்கு அனுப்பிவிடுவார்கள். வாக்குமூலத்தைப் பெண் போலீஸ்தான் எழுத வேண்டும். நகல் இலவசம்.

மனுவில் பிரிவுகளைக் குறிப்பிடுங்கள். பி.என்.எஸ். என்ற புதிய தண்டனைச் சட்டத்தில் 74 (மானபங்க நோக்கத்தில் தாக்குதல், 1 முதல் 5 ஆண்டு), 75 (பாலியல் தொல்லை), கதவைச் சாத்தியதற்கு 127. இதில் 74-ஐ விட்டுவிடாதீர்கள். பதிய மறுக்கும் போலீஸுக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை என்று சொல்லும் பி.என்.எஸ். 199-இன் பட்டியலில் 74 இருக்கிறது, 75 இல்லை. "பாலியல் தொல்லை" என்று மட்டும் எழுதிய மனுக்கள் இழுபடுவது இதனால்தான்.

மறுபடியும் மறுத்தால் அதே மனுவை எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்டில், டெலிவரி அத்தாட்சியோடு அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட். உயர் நீதிமன்றம் போகிற நிலை வந்தால் தஞ்சை, திருச்சிக்கு மதுரைக் கிளை. திருவாரூர், நாகை, மயிலாடுதுறைக்குச் சென்னை. டெல்டாக்காரர்கள் இதில் அடிக்கடி தடம் மாறிப் போவார்கள்.

இனி அந்தப் பெரிய கேள்வி. ராணுவச் சட்டம் 125-இன்படி, இரண்டு நீதிமன்றமும் விசாரிக்கக்கூடிய குற்றம் என்றால் எங்கே நடத்துவது என்று முதலில் தீர்மானிப்பது குற்றம்சாட்டப்பட்டவரின் படைப்பிரிவுத் தளபதி. வழக்கு மாஜிஸ்திரேட்டிடம் வந்தால் அவர் கமாண்டிங் ஆபீசருக்கு நோட்டீஸ் கொடுத்து 15 நாள் பொறுக்க வேண்டும். 2021 செப்டம்பரில் கோவை விமானப்படைக் கல்லூரி வழக்கில் மகளிர் போலீஸ் கைது செய்த அதிகாரியை, விமானப்படை கேட்டதும் நீதிமன்றம் அவர்களிடமே ஒப்படைத்தது. அமெரிக்காவில் 2023 டிசம்பர் முதல் பாலியல் வன்கொடுமை போன்ற கடும் குற்றங்களில் இந்த முடிவைத் தளபதியிடமிருந்து எடுத்துத் தனி வழக்கறிஞர்களிடம் கொடுத்துவிட்டார்கள். இங்கே இன்னும் தளபதி கையில்தான்.

இன்னொரு முரணையும் பாருங்கள். அமைதிக் காலத்தில் உள்நாட்டில் ஒரு சிப்பாய் சீருடை போடாத பெண்ணை வன்புணர்ந்தால், ராணுவ நீதிமன்றம் அதைத் தொட முடியாது (பிரிவு 70). பாதிக்கப்பட்டவள் சீருடைக்காரி என்றால் தொடலாம்.

ராணுவத்திடம் ஒப்படைத்ததோடு வழக்கு முடிந்தது என்று ஃபைலைக் கட்டிவிடக் கூடாது. என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று ராணுவம் மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இந்த இரண்டு நீதிமன்றங்களின் அதிகார வரம்பு பற்றிய 1978-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. யாரும் கேட்காததால் அது காணாமல் போகிறது. மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட்டுக் கேளுங்கள். ராணுவ நீதிமன்றத்துக்கு 3 ஆண்டுக் கெடு உண்டு (ராணுவச் சட்டம், பிரிவு 122), அதுவரை இழுத்தடிப்பதும் ஒரு உத்தி.

ரிட்டயர்டு ஹெட் கிளார்க்:

வக்கீல் சார் வெளிப்பக்கம் சொன்னார். நான் உள்பக்கம் சொல்கிறேன்.

தம்பி, முதலில் அந்தச் சித்தப்பாவை நிறுத்துங்கள். லீவு முடிந்து ஒரு நாள் தாண்டினாலும் ராணுவச் சட்டம் பிரிவு 39, அனுமதியில்லாமல் வராத குற்றம். 30 நாள் தாண்டினால் 106-இன்படி கோர்ட் ஆஃப் என்கொயரி (ராணுவத்துக்குள் நடக்கும் விசாரணைக் குழு) கூட்டி, வராதவர் என்று பதிவு செய்துவிடுவார்கள். அப்புறம் புகார் கொடுத்த பெண்ணே குற்றவாளியாக நிற்பாள். உள்ளூர் டாக்டர் சர்டிபிகேட்டை நம்பி இருந்துவிடுவதும் ஆபத்து. நீட்டிப்பு எழுத்தில் கையில் வந்தால்தான் லீவு.

முறையான வழி இருக்கிறது. பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் 2013. அதன்படி அமையும் கமிட்டியைத்தான் பத்திரிகையில் விசாகா கமிட்டி என்று போடுவார்கள். கெடு கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதம். காரணம் எழுதி இன்னும் 3 மாதம் நீட்டலாம், ஆனால் அதை நம்பாதீர்கள். 7 வாரம் போய்விட்டது, கையில் இருப்பது 5 வாரத்துச் சொச்சம். கமிட்டிக்குப் புகார் 6 பிரதி, சாட்சிகளின் பெயர், ரேங்க், முகவரியோடு. அதே கடிதத்தில் இந்த 2013 சட்டத்தின் பிரிவு 12-ஐக் குறிப்பிட்டு, விசாரணை முடியும்வரை இடமாற்றமோ 3 மாதம் வரை லீவோ வேண்டும் என்று கேளுங்கள். எழுத்தில் கேட்டால்தான் பரிசீலிப்பார்கள். அந்த மெசேஜ் முழுக்கப் பிரிவு 3-இல் வருகிறது, வேலையின் எதிர்காலத்தைக் காட்டி மிரட்டுவது. நாலாம் வருஷம் நிலைக்க வைக்கும் தேர்வில் இதற்காக மார்க் குறைந்தால் கேள்வி கேட்கவும் இந்தப் புகார்தான் ஆதாரம்.

அப்பா சொல்வது பாதிதான் சரி. ராணுவச் சட்டம் பிரிவு 26-இன்படி கம்பெனி கமாண்டரிடம் எழுத்தில் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். அவர் மீதே புகார் என்றால் அவருக்கு மேலே. ஆனால் சிஓ வைப்பது கோர்ட் ஆஃப் என்கொயரி என்றால் அது கமிட்டி விசாரணை ஆகாது. அங்கே கொடுக்கும் வாக்குமூலம் பிறகு ராணுவ நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் செல்லாது (ராணுவ விதிகள், விதி 182). "அதான் ஒரு தடவை சொல்லியாச்சே" என்று கமிட்டியை மூடினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த என்கொயரியில் பெண்ணின் நடத்தையை இழுத்தால் விதி 180-ஐச் சொல்லி, முழு நேரமும் கூடவே உட்காரவும் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும் உரிமை கேட்கலாம். பலருக்கு இது குற்றம்சாட்டப்பட்டவருக்கு மட்டும் என்று நினைப்பு.

கேட்டது, கேள்விப்பட்டது எதையும் புகாரில் சேர்க்காதீர்கள். பொய்ப் புகாருக்கு ராணுவச் சட்டம் பிரிவு 56 காத்திருக்கிறது. டிவி, யூடியூப் பக்கம் போகவே கூடாது, பெண் மேல் ராணுவ விதி 21 பாயும்.

அரசலாறு:

குடமுருட்டி அண்ணா, போனைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. மெசேஜ் வந்த போனை அழிக்காமல், ரீசெட் செய்யாமல், புது போனுக்கு மாற்றாமல் வைக்க வேண்டும். அந்த சாட்டில் தானாக மறையும் வசதி ஓடுகிறதா என்று இன்றே பாருங்கள். நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது பி.எஸ்.ஏ. (புதிய சாட்சியச் சட்டம்) 63-இன்படி சான்றிதழ் வேண்டும். அதில் இரண்டு பகுதி, ஒன்று போன் வைத்திருப்பவர் கையெழுத்து, மற்றது நிபுணர் கையெழுத்து, ஹாஷ் எண்ணோடு (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்). யூனிட் ஆவணம், கேட், டியூட்டி போர்டு எதையும் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லாதீர்கள். வேறு வழக்கு வரும்.

இவருக்கு 7 வாரம் ஆனதால் உடல் மாதிரிக்கு வேலையில்லை. மற்றவர்களுக்காக: வன்புணர்வு என்றால் 96 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனை. உடுத்திய துணியைத் துவைக்காமல், காகிதப் பையில். நம் ஊர் ஈரப்பதத்தில் பிளாஸ்டிக் கவரில் போட்டால் இரண்டே நாளில் பூசணம் பிடித்துவிடும். பிறப்புறுப்பில் செய்யும் இரு விரல் சோதனையை உச்ச நீதிமன்றம் 2013-இலேயே தவறு என்றது, 2022-இல் அதைச் செய்பவர் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாவார் என்றது. கோவை வழக்கில் அது நடந்ததாகப் புகார் கொடுத்த பெண் அதிகாரி சொன்னார், விமானப்படை மறுத்தது. வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு.

மன்னை வாசகன்:

சி.ஆர்.பி.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். பெண்களுக்கும் இதேதானா?

வடவாறு வக்கீல்:

இல்லை. அவர்கள் உள்துறையின் கீழ். ராணுவச் சட்டமும் ராணுவத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வும் அவர்களுக்குப் பொருந்தாது. எல்லைப் பாதுகாப்புப் படைக்கு 1968-ஆம் ஆண்டுச் சட்டம் தனி. எஃப்.ஐ.ஆரும் 2013 சட்டமும் எல்லோருக்கும் பொது. இலவச வக்கீல் வேண்டுமென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு. பெண்ணுக்கு வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள்.

குடமுருட்டி:

நன்றி. ஒரு சிக்கல். மனுவில் சம்பவ இடம் என்று 56 ஏ.பி.ஓ. என்றுதான் போட்டிருக்கிறார்கள். அதை வைத்துத்தான் எந்த ஸ்டேஷன் என்று தெரியாது என்கிறார்கள்.

ரிட்டயர்டு ஹெட் கிளார்க்:

அது தபால் முகவரி, இடம் அல்ல. ஊர், மாவட்டம், மாநிலம் எழுதுங்கள். அப்பாவுக்குத் தெரியாவிட்டால் பெண் வந்த ரயில் டிக்கெட்டை எடுத்துப் பாருங்கள், ஏறின ஸ்டேஷன் அதில் இருக்கும்.